வயலுக்கடியில் உறங்கும் தலைநகர்



கடலூருக்கு அருகே குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் உண்டு. ஊர்ப் பெயரில் குண்டு எப்படி வந்தது என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை கூற முடியும்? 1690 ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையை மட்டுமன்று, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ அவ்வளவு நிலமும் வாங்கியவருக்கே என்பது உடன்படிக்கை. கம்பெனியார் விடுவார்களா? இருந்தவற்றுள் நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியைக் கொண்டு நாற்புறமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன.

புனித டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் கோட்டையை 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றித் தகர்த்துவிட்டார். கெடிலம் ஆற்றங்கரையில் இன்று எஞ்சியிருப்பவை சில இடிந்த சுவர்களே. கோட்டை போயிற்று, குண்டு மட்டும் ஊர்ப் பெயரில் நிற்கிறது.

சுவர் அழிந்த பின்னும் பெயர் அழிவதில்லை என்பதற்கு இது சிறியதோர் எடுத்துக்காட்டு. இதே செய்தியை நூறு மடங்கு பெரிதாகக் காண விரும்புவோர் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து, அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் சாலையில் மேற்கே செல்ல வேண்டும். மீன்சுருட்டியைக் கடந்ததும் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. சிதம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. இரண்டரை நூற்றாண்டுக் காலம் தென்னாட்டின் பேரரசு ஒன்றுக்குத் தலைநகராக விளங்கிய ஊர் அது. இன்று பேருந்தை விட்டு இறங்குபவர் கண்ணுக்கு ஒரு பெருங்கோயிலும் அதைச் சூழ்ந்த சில தெருக்களும் வயல்களுமே தென்படும். கோயிலைப் பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகின்றனர். ஊரெங்கே என்று கேட்பவர் மிகக் குறைவு.

நகரம் பிறந்த கதை

முதலாம் ராஜராஜனின் மகன் முதலாம் ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டவன். அவனுடைய படை வடக்கே கங்கைக் கரை வரை சென்று வங்கத்து மகிபாலனை வென்று திரும்பியது. அந்த வெற்றியின் நினைவாக அவன் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் பட்டம் புனைந்துகொண்டான். 1025 ஆம் ஆண்டை ஒட்டித் தஞ்சையை விட்டு வடக்கே நகர்ந்து, கொள்ளிடத்திற்கு அப்பால் மேட்டுப் பாங்கான நிலத்தில் புதிய தலைநகரை அமைத்தான். அதே காலத்தில்தான் அவனுடைய கப்பற்படை கடாரம் வரை சென்றது. இன்றைய மலேசியாவின் கெடா மாநிலமே அக்காலத்துக் கடாரம்.

வளமான காவிரிப் படுகையில் அமைந்த தஞ்சையை விட்டு இந்த மேட்டு நிலத்திற்கு வருவானேன் என்ற ஐயம் எழும். அதற்கு விடை நீரில் இருக்கிறது. இங்கே அவன் வெட்டுவித்த ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரை அதில் சேர்த்தான் என்றும், அந்த ஏரியே நீரால் எழுப்பப்பட்ட வெற்றித் தூண் என்றும் பொருள்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. வென்ற மன்னர்கள் கல்லில் தூண் நாட்டுவது வழக்கம். இவன் தண்ணீரில் நாட்டினான்! வடக்கு தெற்காகச் செல்லும் அதன் கரையின் நீளம் 16 மைல். அதாவது சுமார் 25 கிலோமீட்டர். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைல் நீளத்திற்கு ஒரு கால்வாய் வெட்டி நீர் கொண்டுவரப்பட்டது. வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் ஒரு வாய்க்கால் வந்து சேர்ந்தது. வானம் பார்த்த பூமியில் ஒரு தலைநகர் இரண்டரை நூற்றாண்டு வாழ்ந்ததென்றால் அதற்கு இந்த ஏரியே உயிர்.

நகரின் அமைப்பையும் கல்வெட்டுகளிலிருந்து ஓரளவு அறியலாம். அரண்மனைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று ஒரு பெயர் காணப்படுகிறது. ராஜராஜன் பெருந்தெரு, ராஜேந்திரன் பெருந்தெரு என்று மன்னர்களின் பெயரால் வீதிகள் இருந்தன. மதில்களுக்கும் வாசல்களுக்கும்கூடப் பெயர்கள் இருந்தன.

இந்த நகருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் இருந்த தொடர்பு நம் வாசகர்களுக்குத் தனிச் சுவை தரக்கூடியது. அரண்மனை இருந்த இடத்தில் அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. ராஜேந்திரன் 1033 இல் சீனப் பேரரசரிடம் ஒரு தூதுக் குழுவை அனுப்பினான். அக்குழுவில் சென்ற தூதரின் பெயரைச் சீன ஏடுகள் 'பூ' என்னும் அசையோடு தொடங்கி எழுதியுள்ளன. 'அபூ' என்னும் அரபுச் சொல்லே சீனர் நாவில் அவ்வாறு திரிந்தது என அறிஞர் பலர் கருதுகின்றனர். கடல் வாணிபத்தில் தேர்ந்த அரபு வழியினர் ஒருவரைச் சோழ மன்னன் தன் தூதராக நம்பி அனுப்பினான் என்பதில் வியப்படைய ஒன்றுமில்லை. அவன் காலத்துக் கல்வெட்டொன்றிலேயே சோனகன் சாவூர் என்று ஒரு பெயர் வருகிறது. சோனகர் என்பது அரபு நாட்டவரையும் அவர் வழிவந்தோரையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதை நாம் அறிவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரசாங்கத்தில் நம் முன்னோர் அந்நியராக நின்று வேடிக்கை பார்க்கவில்லை!

1279 இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது. நாடு பாண்டியர் வசமாயிற்று. அரசன் இல்லாத ஊரில் அரண்மனைக்கு வேலையென்ன? அதிகாரிகளும் படைகளும் வணிகரும் விலக, ஊர் சுருங்கத் தொடங்கியது.

பெயர்களைப் பொறுக்கினால் நகரம் கிடைக்கும்

கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் உட்கோட்டை என்றோர் ஊர் உள்ளது. அங்கே கோட்டை எதுவும் இல்லை. கோட்டையின் உட்பகுதி அது என்பதைப் பெயர்தான் சொல்கிறது. உட்கோட்டையை ஒட்டி மாளிகைமேடு. அங்கே மேடு உண்டு, மாளிகையைக் காணோம். ஆயுதக்களம் என்றோர் ஊர். படைக்கலங்கள் வைத்திருந்த இடம். மெய்க்காவல்புத்தூர் என்றோர் ஊர். மன்னனின் மெய்க்காவலர் குடியிருந்த இடம். கல்வெட்டில் வேம்புகுடி வாசல் என வருகிறது. வேம்புக்குடி என்னும் சிற்றூர் இன்றும் இருக்கிறது. இந்த ஊர்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். நகரத்தின் உருவம் மெல்ல எழுந்து வரும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கணக்கை அவர்களிடமே விட்டுவிட்டால், பாடநூலில் படித்த வரலாறு அவர்கள் கையாலேயே உருப்பெறும்.

1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டில் பல கட்டங்களாக அகழ்ந்து வந்துள்ளனர். செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. மரத் தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள் வெளிப்பட்டன. கூரை ஓடுகளும், அவற்றைப் பொருத்திய இரும்பு ஆணிகளும், கண்ணாடி வளையல் துண்டுகளும், தந்தப் பொருள்களும் கிடைத்தன. 2021 இல் மீண்டும் பணி தொடங்கியது. மறு ஆண்டு பொன்னும் செம்பும் கொண்டு செய்த காப்பு ஒன்றின் பகுதி கிடைத்தது. எந்தப் பெண்ணின் கையிலிருந்து கழன்றதோ!

ஆனால் முழுச் சுவர்கள் மிகச் சில. காரணம், செங்கல் ஒரு விலைமதிப்புள்ள பொருள். சுட்ட செங்கல் கையருகே மண்ணுக்கடியில் கிடக்கும்போது புதிதாகச் சூளை போடுவார் யார்? சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக மேட்டைத் தோண்டிச் செங்கல் எடுத்தனர். சுவரை அடியோடு பெயர்த்தெடுத்தால் அவ்விடத்தில் நீண்டதொரு பள்ளம் உண்டாகும். காலப்போக்கில் வேறு மண் வந்து அதை நிரப்பும். சுற்றியுள்ள மண்ணுக்கும் நிரம்பிய மண்ணுக்கும் நிறமும் இறுக்கமும் வேறுபடும். ஆய்வாளர் இந்த வேறுபாட்டைக் கண்டே, 'இங்கே ஒரு சுவர் இருந்தது' என்று வரைபடத்தில் கோடு போடுவர். திருடுபோன நகையைப் பெட்டியில் பதிந்த தடத்தைக் கொண்டு அடையாளம் சொல்வது போன்றது இது. அந்த ஏழைகளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு சுவர் வேண்டும் என்பவனுக்கு மன்னனின் சுவர், மக்களின் சுவர் என்ற பேதம் ஏது?

கல் போன இடம்

செங்கலின் கதை இது. கருங்கல்லின் கதை வேறு.

பாழடைந்த நகரைக் கண்டதும், படையெடுத்து வந்து இடித்தவன் யார் என்று கேட்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஏரிக் கரையை உடைத்தது படையெடுத்து வந்த சேனையே என்று இவ்வட்டாரத்திலும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஆனால் இங்கே எழுத்தில் பதிவாகியுள்ள இடிப்பு ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் வாளேந்தி வரவில்லை. நீர்ப்பாசனத் திட்டத்தோடு வந்தார்கள்.

ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரை அறியாதவர் குறைவு. காவிரியின் நீர் பெருமளவு கொள்ளிடத்தில் வடிந்து கடலுக்குப் போனதால் தஞ்சை வயல்கள் வாடின. அதைத் தடுக்க 1836 இல் திருச்சிக்கு மேற்கே கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டப்பட்டது. மேலே தடுத்தால் கீழே கொள்ளிடத்தை நம்பியுள்ள நிலங்கள் என்னாவது? அதற்காக அதே ஆண்டில் கீழணை எழுந்தது. இன்று அணைக்கரை என்று நாம் அழைப்பது இதைத்தான். மணலில் அணை நிறுத்தும் வித்தையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றோம் என்று ஒப்புக்கொண்ட பெருந்தன்மை காட்டனிடம் இருந்தது. இருந்தும் கீழணைக்குக் கல் தேவைப்பட்டபோது, அருகே உயர்ந்து நின்ற கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில்தான் கண்ணில் பட்டது.

கோயிலைச் சுற்றியிருந்த கருங்கல் மதில் ஏறக்குறைய முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டது. வேலைப்பாடு மிக்க கற்களும் போயின. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு இதை மறைக்காமல் பதிவு செய்துள்ளது. ஊர் மக்கள் இயன்றவரை தடுத்துப் பார்த்தனர். தடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டதே மிச்சம். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் அதே குறிப்பு ஒப்புக்கொள்கிறது. ஒரு மக்கள் கூட்டம் புனிதமாகப் போற்றும் இடத்தின் கல்லை, அவர்கள் கண்ணெதிரே பெயர்த்துச் செல்வது எத்தகைய வேதனை என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சுமார் 180 அடி உயர விமானம் தப்பி நின்றது நம் காலத்து நற்பேறு. 2004 இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

அந்த ஆங்கிலக் குறிப்பு எழுதப்பட்ட நாளில் சோழகங்கம் ஏரி கரை உடைந்து, உள்ளே அடர்ந்த காடு மண்டிக் கிடந்தது. சுற்றிலும் இருந்த மண்மேடுகளைக் கண்டவர்க்குப் பாபிலோன் நகரின் இடிபாடுகளே நினைவுக்கு வந்தனவாம்.

காட்டுக்குள் ஒளிந்த நகரங்கள்

கீழணை கட்டப்பட்ட மூன்றாம் ஆண்டு, 1839 இல், உலகின் மறுபுறத்தில் ஜான் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கர் மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் நுழைந்தார். கேதர்வுட் என்னும் ஓவியரும் உடன் சென்றார். ஹோண்டுராஸ் நாட்டில் கோப்பான் என்னும் இடத்தில், மரவேர்கள் பின்னிக் கிடந்த கற்சிலைகளையும் படிக்கட்டுகளையும் கண்டு திகைத்தனர். மாயர் என்னும் பழங்குடி மக்கள் எழுப்பிய நகரம் அது. நிலத்துக்குரியவரிடம் 50 டாலர் கொடுத்து அந்த நகரத்தையே ஸ்டீபன்ஸ் விலைக்கு வாங்கினார் என்பது வேடிக்கையான செய்தி. கல் வேண்டியவர் இங்கே விலைகூடக் கொடுக்கவில்லை!

மாயரின் பெருநகரங்களுள் ஒன்றான திக்கால், குவாத்தமாலாக் காட்டில் உள்ளது. அங்கும் ஆறு கிடையாது. மழைநீரைப் பெரிய குளங்களில் தேக்கியே மாநகரை வாழ வைத்தனர். 9 ஆம் நூற்றாண்டில் தொடர்ந்து வந்த வறட்சிகளும் போர்களும் நகரை நலித்தன. 10 ஆம் நூற்றாண்டில் அது கைவிடப்பட்டது. 2018 இல், விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி, மரங்களை ஊடுருவித் தரையை அளந்து பார்த்தபோது, அந்தக் காட்டுப் பகுதியில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரியவந்தன.

இரண்டு நகரங்களும் தேக்கிய நீரால் வாழ்ந்தவை; ஆனால் முடிவில் ஒரு வேறுபாடு உண்டு. திக்காலை விட்டு மக்கள் அகன்றனர். காடு அதை மூடியது, மூடியதால் காத்தும் வைத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை விட்டு மக்கள் முற்றும் அகலவில்லை. உழுதார்கள், வீடு கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். அதனால் நகரம் துண்டு துண்டாக அவர்களது வாழ்க்கைக்குள் கரைந்துபோயிற்று.

நீர் சென்ற வழி

திரும்பும்போது மீன்சுருட்டியிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்று கீழணையையும் பார்த்து வாருங்கள். அங்கே தேங்கும் கொள்ளிடத்து நீர், வடகரையில் வடவாறு என்னும் கால்வாய் வழியே பிரிந்து செல்கிறது. அது எங்கே போகிறது? வீராணம் ஏரிக்கு.

வீராணமும் சோழர் வெட்டியதே. 10 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் வெட்டுவித்து வீரநாராயணன் ஏரி எனப் பெயரிட்டது, நம் நாவில் வீராணம் ஆயிற்று. சோழகங்கத்திற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. இதன் நிறைமட்டம் 47.5 அடி, பாசனம் பெறும் நிலம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து செல்கிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களின் நெல்வயல்களும், மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியால் நாம் அனைவரும் அறிந்த லால்பேட்டையின் வெற்றிலைக் கொடிக்கால்களும் பசுமையாக நிற்பது வடவாற்றிலும் வீராணத்திலும் நீர் வருவதால்தான். ராஜேந்திரனின் மதிற்கல் கொள்ளிடத்தின் குறுக்கே படுத்துக்கொண்டு, அவன் பாட்டனாருக்கும் மூத்தோன் வெட்டிய ஏரியை நிரப்புகிறது!

எனவே கல் வீணாகவில்லை என்று காட்டனுக்காக வாதாடலாம். நானும் சிறிது நேரம் அப்படித்தான் எண்ணினேன். பிறகுதான் நிலத்தின் சரிவு நினைவுக்கு வந்தது. கீழணையின் நீர் கிழக்கே தாழ்ந்த நிலத்திற்குத்தான் பாயும். மேட்டிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அது ஏறாது. மதிலை இழந்து, தண்டனையும் பெற்ற மக்களுக்கு அந்த அணையால் ஒரு குடம் நீரும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நீர் தந்திருக்க வேண்டியது சோழகங்கம். பொன்னேரி என்ற பெயரில் அந்த ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் பழைய பரப்பில் ஒரு பகுதியாக. கரை உடைந்தது, 60 மைல் கால்வாய் தூர்ந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலங்களில் முந்திரித் தோப்புகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துப் பக்கம் நாம் உண்ணும் சோற்றில் அந்த ஊரார் கடன் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

2025 ஜூலையில் ராஜேந்திரனின் கடல் படையெடுப்பு நிகழ்ந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டி அங்கே பெருவிழா நடைபெற்றது; நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது. கோயில் வளாகம் நிரம்பி வழிந்தது.

குடும்பத்துடன் செல்வோர் காலையிலேயே புறப்படுவது நல்லது. வெயில் ஏறினால் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. கோயிலின் பிரமாண்டத்தையும் கட்டடக் கலையையும் பார்த்த பின் மாளிகைமேட்டுக்கும் போய் வாருங்கள். அகழ்ந்த குழிகளில் சுவரின் அடிவரிசைகளைக் காணலாம். சுற்றிலும் உடைந்த செங்கல்லும் ஓடும் சிதறிக் கிடக்கும். பிள்ளைகள் நினைவுக்கென்று ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். வாங்கி, கிடந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். எடுத்தவர்கள் எடுத்தது போதும்.